சேர்வராயன் மலைக் கல்லுக்கு முதலில் எது: டயரா, காயில் ஷாக்கா?

கண்ணங்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி போன மாதம் வண்டியோடு வீட்டுக்கு வந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய, முன்னும் பின்னும் அமுங்கும் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள். 29 இன்ச் சக்கரம், முன்னால் 150 மில்லிமீட்டர் ஃபோர்க், பின்னால் 140 மில்லிமீட்டர் டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம். பின்பக்கத்து ஷாக், உள்ளே அடைத்த காற்றில் இயங்கும் காற்று ஷாக். திண்ணையில் சாய்த்து நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அண்ணா, கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்குங்க. காயில் ஷாக் போட்டுட்டா கல்லே தெரியாதுங்கறாங்க. போட்டுடலாங்களா? இல்ல டயர், பிரேக்குனு பிரிச்சுச் செலவு பண்ணட்டுங்களா?"

காயில் ஷாக் என்றால் காற்றுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்கில் இயங்குவது. நல்ல காயில் ஷாக்கும் அதற்கு ஏற்ற ஸ்பிரிங்கும் வாங்குகிற பணத்தில் தடித்த டயர் இரண்டு, பின் டயருக்குள் வைக்க இன்செர்ட் என்ற நுரை வளையம், பிரேக்குக்குப் பெரிய ரோட்டர் (சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடு), அதைப் பிடித்து நிறுத்தும் பேட் எல்லாம் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். ஆக அவர் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. அன்று சொன்னதை நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலைக்கு முதல் காசு பின் டயருக்கு. இரண்டாவது பிரேக்குக்கு. இருக்கிற காற்று ஷாக்கை ஒழுங்காகச் செட் பண்ண ஒரு ஷாக் பம்பும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். காயிலைப் பற்றிய யோசனை அதற்கெல்லாம் பிறகுதான். சிலருக்கு அது தேவையே படாது.

கல்லிலிருந்து தொடங்க வேண்டும்

எந்த ஊர்க் கல் என்று பார்க்காமல் வண்டியை செட் பண்ண முடியாது. சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோக்கைட் என்ற கல். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடக்கிற அதே இனம். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல்தான் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். சைக்கிள்காரனுக்கு இந்தக் கல்லைப் பற்றித் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். காலங்காலமாக மழையிலும் வெயிலிலும் கிடந்தது யானை முதுகு மாதிரி உருண்டு வழவழப்பாக இருக்கும். புதிதாகப் பிளந்தது அரிவாள்மணை மாதிரி விளிம்போடு நிற்கும். ஒரே இறக்கத்தில் இரண்டும் மாறி மாறி வரும். மேலே சமதளத்துக்குப் போனால் செம்மண்ணோடு சேர்ந்த உதிரிச் சரளை. கீழே அடிவாரத்துக் கரடுகளில் கல்லோடு சேர்த்து வேலமுள்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். நடுவில் 1200 மீட்டருக்கு மேல் இறக்கம். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள தார் ரோட்டில் இறங்கினாலும் சரி, மலைக்காரர்கள் நடந்து பழகிய ஒற்றையடிப் பாதையில் இறங்கினாலும் சரி, உயரம் ஒன்றுதான். ஒற்றையடிப் பாதை என்றால் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். எஸ்டேட் வழி என்றால் காவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். காலையில் காட்டெருமை குறுக்கே நின்றால் அது நகர்ந்து போகும்வரை தள்ளியே நில்லுங்கள், பெல் அடிக்காதீர்கள்.

இந்த மலையில் வண்டிக்கு வரும் அடி பெரும்பாலும் ஆளை மேலே தூக்கிப் போடும் பெரிய குதிப்பு இல்லை. சதுரமான விளிம்பு உள்ள கல், ஒன்றன்பின் ஒன்றாக, சக்கரத்தின் நெற்றியில் அடிக்கிற அடி. அந்த அடியை முதலில் வாங்குவது ஷாக் அல்ல, டயர். டயர் நசுங்கி, ரிம் இடிபட்டு, சக்கரத்தின் எடை மேலே கிளம்பிய பிறகுதான் ஷாக்குக்குச் செய்தியே போகிறது. எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்காக இருந்தாலும் ரிம்மை நேரடி அடியிலிருந்து காப்பாற்றாது.

டியூப், டியூப்லெஸ், தடித்த டயர், இன்செர்ட்

மூன்று வருடத்துக்கு முன் குப்பனூர்ப் பக்கம் இறங்கும்போது எனக்கு நடந்தது இது. அப்போது டியூப்தான். பஞ்சர் பயத்தில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்திருந்தேன். காற்று கூடக் கூட வண்டி கல்லுக்குக் கல் துள்ளியது. டயர் கல்லைப் பிடிக்கவே இல்லை. கை மரத்துப் போனதால் 28-க்கு இறக்கினேன். அடுத்த பத்து நிமிடத்தில் பின் சக்கரம் ஒரு விளிம்பில் மோதியது. டியூபில் பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை, ரிம்மில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை இடுக்கியால் நிமிர்த்தி இன்னும் வைத்திருக்கிறேன். டியூபில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறோம்: காற்று அதிகம் என்றால் பிடிப்பு இல்லை, குறைவு என்றால் பஞ்சர். கல் பாதைக்கு டியூப் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டியூப்லெஸுக்கு மாறினால் டியூபில் விழும் அந்த இரட்டை ஓட்டை இல்லை. முள் குத்தினால் உள்ளே இருக்கும் சீலன்ட் என்ற திரவம் தானே அடைத்துக்கொள்ளும். 29 இன்ச்சில் 2.4 அகல டயருக்கு 100 முதல் 120 மில்லி சீலன்ட் ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். வண்டியை மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ வைப்பவர்கள் மாதம் ஒருமுறை வால்வைக் கழற்றி, குச்சி விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் மெல்லிய டயரோடு டியூப்லெஸ் பாதித் தீர்வுதான். இங்கேதான் கேசிங் என்கிற டயரின் உடம்பு முக்கியம். மேக்ஸிஸ் டயரில் எக்ஸோ என்பது ஓர் அடுக்கு உடம்பும் பக்கவாட்டில் பாதுகாப்புத் துணியும் கொண்டது. டபுள்டவுன் என்பது இரட்டை அடுக்கு. ஷ்வால்பே கம்பெனி டயரில் சூப்பர் கிராவிட்டி என்பது ஏறக்குறைய அந்த இடத்தில் வரும். எடை வித்தியாசம் ஒரு டயருக்கு 200 கிராம் அளவில் இருக்கும். இதற்குக் கைமாறாகக் கிடைப்பது இரண்டு. பிளந்த கல்லின் விளிம்பு பக்கவாட்டைக் கிழிப்பது குறைகிறது. காற்றைக் குறைத்தாலும் வளைவில் டயர் மடங்காமல் நிற்கிறது.

இன்செர்ட் என்பது டயருக்குள் ரிம்மைச் சுற்றி உட்காரும் நுரை வளையம். கல் டயரை நசுக்கி ரிம்மைத் தொட வரும்போது நடுவில் மெத்தையாக நிற்கும். கனமான வகை சக்கரத்துக்கு 250 கிராம் அளவில் வரும், இலேசான வகைகளும் உண்டு. மாட்டுவது கஷ்டம். முதல் தடவை எனக்கு ஒரு முழு மாலை ஆனது. விரல் நுனி இரண்டு நாள் எரிந்தது. வழியில் டயர் கிழிந்து டியூப் போட வேண்டி வந்தால் இந்த வளையத்தைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் பின் சக்கரத்துக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன். ரிம் அடி வாங்குவது பெரும்பாலும் பின்னால்தான். முன் சக்கரத்தை நாம் கண்ணால் பார்த்து ஓட்டுகிறோம், கையால் தூக்கி வைக்கிறோம். பின் சக்கரம் வருவது வரட்டும் என்று பின்தொடர்கிறது.

"எடை கூடுதுங்களே, ஏத்தத்துல செத்துருவேன்" என்றார் தம்பி. கணக்குப் போட்டுக் காட்டினேன். டயரும் இன்செர்ட்டும் சேர்த்து அரைக் கிலோ கூடுகிறது என்று வையுங்கள். ஆள், பை, வண்டி எல்லாம் சேர்த்து 90 கிலோ. அரைக் கிலோ என்பது 0.55 விழுக்காடு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏற இரண்டு மணி நேரம் ஆகிறவருக்கு இதனால் கூடுவது 40 விநாடி. சக்கரத்தில் கூடும் எடை வேகம் எடுக்கும்போதெல்லாம் காலுக்குத் தெரியும், அதை மறுக்கவில்லை. ஒரே சீராக ஏறும்போது தெரியாது. ஒரு பஞ்சருக்கு நிற்கிற அரை மணி நேரத்தை அந்த 40 விநாடியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முன் டயருக்கு எக்ஸோ மாதிரி உடம்பே போதும். ஆனால் ரப்பர் மென்மையாக இருக்கட்டும். மழைக்குப் பிறகு நிழலில் கிடக்கும் கல்லில் பாசி படரும். அங்கே பக்கவாட்டு முடிச்சுகளைவிட ரப்பரின் மென்மைதான் பிடித்து நிறுத்துகிறது. பின் டயருக்கு அதைவிடக் கொஞ்சம் கெட்டியான ரப்பர் நல்லது, இல்லையென்றால் ஒரே சீசனில் தேய்ந்துவிடும்.

காற்று எவ்வளவு? பையோடு சேர்த்து 72 கிலோ உள்ளவருக்கு 30 மில்லிமீட்டர் அகல ரிம்மில் முன்னால் 22, பின்னால் 24 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். பின்னால் இன்செர்ட் இல்லையென்றால் 26. இதில் நம் மலைக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. சேலத்தில் காற்றடித்துவிட்டு மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் 2 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைகிறது. அதனால் டயர் அந்த அளவுக்கு இறுகும். கூடவே மேலே 11 டிகிரி குளிர்ந்தால், 25 பிஎஸ்ஐ டயரில் 1.4 பிஎஸ்ஐ இறங்கும். கோடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகி, அரை பிஎஸ்ஐ மட்டும் கூடும். சேலத்தில் விடியற்காலைக் குளிரில் அடித்துக்கொண்டு போய் மேலே பத்து மணி வெயிலில் இறங்கினால் ஈடாகாது, முழுசாக 2 பிஎஸ்ஐ கூடுதலாகவே இருக்கும். 24-க்கும் 26-க்கும் உள்ள வித்தியாசம் ஈரக் கல்லில் நன்றாகத் தெரியும். ஆகவே அளக்கும் மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு, இறங்கும் இடத்தில் அளந்து பாருங்கள்.

காற்று ஷாக்கா, காயிலா

காயிலின் நல்ல குணங்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காற்று ஷாக்கில் காற்றை அடைத்து வைக்க இறுக்கமான சீல் வேண்டும். அந்த சீல் நகர ஆரம்பிக்கவே கொஞ்சம் அடி தேவைப்படும். காயிலில் அந்த உராய்வு மிகக் குறைவு. சின்னக் கல்லையும் விடாமல் தடவிக்கொண்டே போகும். நீண்ட இறக்கத்தில் காற்று ஷாக் சூடாகும், உள்ளே அழுத்தம் ஏறும், கீழே வரும்போது மேலே செட் பண்ணின மாதிரி இருக்காது. காயில் ஸ்பிரிங் சூட்டில் மாறாது. நண்பர் ஒருவரின் காயில் வண்டியை மஞ்சகுட்டைப் பக்கம் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். பின் சக்கரம் தரையில் ஒட்டிக்கொண்டே வந்தது. அந்த உணர்வு உண்மையானது.

மூன்று விஷயம் காயிலுக்கு எதிராக நிற்கிறது. முதலாவது ஃபிரேம். காற்று அமுங்க அமுங்கத் தானே கெட்டியாகும். ஸ்பிரிங் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராகத்தான் கெட்டியாகும். டிராவலின் கடைசியில் தடுத்து நிறுத்தும் வேலையை ஃபிரேமின் லீவரேஜ், அதாவது சக்கரத்தின் அசைவை ஷாக்குக்குக் கடத்தும் நெம்புகோல் அமைப்பு, செய்ய வேண்டும். அந்த மாதிரி வடிவமைக்காத ஃபிரேமில் காயில் போட்டால் பெரிய கல்லில் டங்கென்று தட்டும். உங்கள் ஃபிரேமைச் செய்த கம்பெனி காயில் போடலாம் என்று சொல்லியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சொல்லவில்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது ஆளின் எடை. ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை பெரும்பாலும் 50 பவுண்டு இடைவெளியில்தான் கிடைக்கும். ஆள் ஏறி நின்றதும் ஷாக் அமுங்கும் அளவுக்கு சாக் என்று பெயர். 450 ஸ்பிரிங்கில் 30 விழுக்காடு சாக் வந்தால், 500-ல் 27 வரும். இடையில் எதுவும் வேண்டுமென்றால் தேடி வரவழைக்க வேண்டும், அதுவும் சேலத்துக் கடையில் கிடைக்காது. தம்பி வீட்டில் அந்த வண்டியை அவர் அண்ணனும் ஓட்டுகிறார். இவர் 68, அவர் 84 கிலோ. காற்று ஷாக் என்றால் பம்பை மாட்டி ஒரு நிமிட வேலை. காயில் என்றால் இரண்டு ஸ்பிரிங், மாற்றுவதற்கு ஒவ்வொரு தடவையும் சாவியைத் தேட வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணமே அவருக்குப் போதும்.

மூன்றாவது, நாம் மேலே பார்த்தது. காயில் தருகிற அந்த ஒட்டுதலில் ஒரு நல்ல பங்கு சரியான டயரில் சரியான காற்றிலேயே கிடைத்துவிடுகிறது. 35 பிஎஸ்ஐ டயரோடு காயில் போட்டவரும் துள்ளிக்கொண்டுதான் இறங்குவார்.

காற்று ஷாக்கில் பலர் அதிருப்தி அடைவதற்குக் காரணம் ஷாக் இல்லை, செட் பண்ணாததுதான். தம்பியின் ஷாக்கில் சாக் 18 விழுக்காடு இருந்தது. முன்பு ஓட்டியவர் எடை கூடுதல் போல, அவர் அடித்த காற்று அப்படியே இருந்தது. இவர் அதிலேயே மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார்! கல்லே தெரியக்கூடாது என்று அவர் கேட்டதன் பின்னணி இதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பை, தண்ணீர், ஹெல்மெட், முட்டிக் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு, பெடலில் எழுந்து நின்று, ஷாக்கின் ரப்பர் வளையத்தை மேலே தள்ளி, மெதுவாக இறங்குங்கள். ஷாக் ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்கக்கூடிய முழு நீளம்) 55 மில்லிமீட்டர் என்றால் 30 விழுக்காட்டுக்கு வளையம் 16 அல்லது 17 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். ஃபோர்க் 150 என்றால் 20 விழுக்காட்டுக்கு 30 மில்லிமீட்டர். காற்று அடிக்கும்போது ஒவ்வொரு 50 பிஎஸ்ஐக்கும் ஷாக்கைப் பத்துத் தடவை அமுக்கி எடுங்கள். உள்ளே எதிர்ப்பக்க அறையும் நிரம்பினால்தான் மீட்டர் காட்டுவது உண்மை.

முப்பதுக்கு மேல் சாக் போக ஆசைப்படாதீர்கள். மிருதுவாக இருக்கும், ஆனால் வண்டி கீழே இறங்கி பெடல் கல்லில் இடிக்கும். ஏறும் பாதையில் பெடல் இடித்து விழுவது இறக்கத்தில் விழுவதைவிட மோசமாக வலிக்கும். இதற்காகவே 175 மில்லிமீட்டர் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) இருந்தால் 165-க்கு மாறுவது நல்லது. கீழே 10 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும்.

அமுங்கின ஷாக் நிமிரும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் டயலில் ஆமையும் முயலும் போட்டிருக்கும். கல் பாதைக்கு முயல் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். மெதுவாக விட்டால் முதல் கல்லில் அமுங்கின ஷாக் நிமிர்வதற்குள் இரண்டாவது கல் வந்துவிடும், பிறகு மூன்றாவது. நாலாவது கல்லுக்கு டிராவலே மிச்சம் இருக்காது, வண்டி கட்டை மாதிரி ஆகிவிடும். ரொம்ப வேகமாக விட்டால் சீட் உங்களை முன்னால் தள்ளும். முழுக்க மூடிவிட்டு, கிளிக் எண்ணிக்கொண்டே திறந்து, ஒரே இருநூறு மீட்டர் இறக்கத்தைத் திரும்பத் திரும்ப இறங்கிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். நோட்டில் எழுதி வையுங்கள், மறந்துவிடும்.

சாக் சரியாக இருந்தும் ஒவ்வொரு தடவையும் அடியில் தட்டினால் காற்றைக் கூட்டாதீர்கள். ஷாக்கின் காற்று அறைக்குள் இடத்தைக் குறைக்கும் ஸ்பேசர் துண்டு ஒன்று போடுங்கள். தொடக்கம் மிருதுவாகவே இருக்கும், கடைசி மட்டும் கெட்டியாகும். பல ஷாக்குகளுக்கு இந்தத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. காற்று அறையைத் திறந்து துடைத்து கிரீஸ் போடுகிற சர்வீஸை ஷாக் கம்பெனியான ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சொல்கிறது. ஒருமுறைகூடச் செய்யாத ஷாக்கை வைத்துக்கொண்டு காயிலைப் புகழ்வது நியாயமில்லை.

பிரேக்கை ஏன் ஷாக்குக்கு முன்னால் வைக்கிறேன்

90 கிலோ எடை 1200 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் சூடு, மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கல் பாதையில் நாம் மெதுவாகப் போவதால் காற்று அதில் அதிகம் எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பங்கு இரண்டு ரோட்டரில்தான் இறங்குகிறது. 180 ரோட்டரை 203 ஆக்கினால் அதே விரல் அழுத்தத்துக்கு 13 விழுக்காடு கூடுதல் பிடி. சூட்டை வெளியே விடவும் பரப்பு கிடைக்கும். ஃபோர்க்கும் ஃபிரேமும் அந்த அளவை அனுமதிக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட் உலோக வகையாக இருக்கட்டும். சத்தம் போடும், முதல் இரண்டு வளைவில் மந்தமாகவும் இருக்கும், ஆனால் சூட்டில் கைவிடாது. சில ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்றே அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் உலோகப் பேட் போடக்கூடாது. பிரேக்கில் நம்பிக்கை வந்தவர்தான் லீவரை விட்டு ஷாக்கை வேலை செய்ய விடுவார்.

பெடலுக்கு அதிக யோசனை வேண்டாம். செருப்பு வழுக்காமல் பிடிக்கச் சின்ன ஆணிகள் உள்ள ஃபிளாட் பெடல் போதும், முழங்கால் கவசம் கட்டாயம்.

அப்படியென்றால் யாருக்குக் காயில்? வண்டியை ஒரே ஆள் ஓட்டுகிறார், பின்னால் 160 மில்லிமீட்டர் அளவில் டிராவல், ஃபிரேம் காயிலுக்கு ஏற்றது, டயரும் பிரேக்கும் ஏற்கெனவே சரி, வாராவாரம் நீண்ட இறக்கம் இறங்குகிறார். இந்த ஐந்தும் பொருந்தினால் தயங்காமல் வாங்குங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் நான் காற்றிலேயே இருப்பேன். என் வண்டியிலும் காற்றுதான்.

தம்பி பின்னால் டபுள்டவுன் டயரும் இன்செர்ட்டும், முன்னால் மென்மையான ரப்பர் எக்ஸோவும், இரண்டு பக்கமும் 203 ரோட்டரும் வாங்கினார். மிச்சக் காசில் அவர் அண்ணனுக்கு முட்டிக் கவசம். இரண்டு வாரம் கழித்து சேர்ந்து போனோம். மேலே டீ குடித்துவிட்டு டயரை அளந்தால் பின்னால் 25.5 காட்டியது, 24-க்கு இறக்கினோம். கீழே வந்ததும் அவர் முதலில் குனிந்து பின் ரிம்மைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் பள்ளம் இல்லை. ஷாக்கின் ரப்பர் வளையம் 52 மில்லிமீட்டரில் நின்றிருந்தது.